நெடுநாள் சிறுநீர் வடிகுழாயும் தரைசார் வாழ்வும்: நாஞ்சில் நாட்டு இல்லச் சூழலை முன்வைத்து

திறவுச்சொற்கள்: வடிகுழாய், பனையேற்றம், இல்லப் பராமரிப்பு, கலைச்சொல்

முன்னுரை

கன்னியாகுமரி மாவட்டத்தில் பனையேற்றமும் தென்னையேற்றமும் தலைமுறைத் தொழில்கள். மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் சிதைதல் இத்தொழில்களின் நீங்காத இடர். அவ்வாறு சிதைந்தோர் பலருக்குச் சிறுநீர்ப்பை தன் வசத்தில் இருப்பதில்லை. புராஸ்டேட் வீக்கமுற்று அறுவைக்கு உடல் இடங்கொடாத முதியோர் நிலையும் இதுவே. இவர்களுள் சிலர் வாழ்நாள் முழுதும் வடிகுழாயுடன் வாழ்கின்றனர். அக்குழாய்க்கான அறிவுரைகள் கட்டிலில் உறங்குவோரை எண்ணி எழுதப்பட்டவை. பாயில் உறங்குவோர்க்கு அவை எவ்வாறு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

குழாயின் இயல்பு

1930களில் அமெரிக்க மருத்துவர் பிரெடெரிக் ஃபோலி உருவாக்கிய பலூன் முனைக் குழாயே இன்றும் வழக்கில் உள்ளது. உள்ளே சென்றபின் பலூனில் ஏறத்தாழ 10 மி.லி. தூய நீர் செலுத்தப்படுவதால் குழாய் நழுவாது. ரப்பர்ப்பாலில் செய்தது சில வாரங்களும் (குமரி மலைச்சரிவுகளில் வடிக்கப்படும் பாலின் இனமே அது), சிலிக்கோனில் செய்தது 12 வாரங்கள் வரையும் பயன்படும். ஒரு மாதம் கடந்த குழாயில் கிருமி குடியேறுவது பெரும்பாலும் தவிர்க்க இயலாதது. காய்ச்சல் முதலிய அறிகுறிகள் இல்லாதபோது, சோதனையில் கிருமி தென்பட்டதற்காக மட்டும் மருந்து பொதுவாகத் தேவைப்படுவதில்லை.

அஞ்சத்தக்கது அடைப்பே. புரோட்டியஸ் போன்ற நுண்ணுயிரிகள் யூரியாவைச் சிதைத்துச் சிறுநீரைக் காரமாக்க, உப்புகள் படிகமாகிக் குழாயை அடைக்கின்றன. மார்புப் பகுதியின் ஆறாம் முள்ளெலும்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டுவடம் சிதைந்தவருக்கு இவ்வடைப்பு குருதியழுத்தத்தைத் திடீரென உயர்த்தி உயிருக்கே ஊறு விளைவிக்கும். கடுந்தலைவலியும் முகம் சிவந்து வியர்த்தலும் அதன் அறிகுறிகள். உடனே அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, குழாய் மடங்கியுள்ளதா எனப் பார்த்து, மருத்துவ உதவி பெறவேண்டும்.

பாயும் சாரமும்

சேகரிக்கும் பை சிறுநீர்ப்பைக்குக் கீழே இருத்தல் வேண்டும், தரையையும் தொடலாகாது. பாயில் படுப்பவருக்கு இவ்விரண்டும் ஒருசேரக் கைகூடா. பை அருகிலேயே தரையில் கிடந்தால் நீர் வடியாது தேங்கும். உயர்த்தினால் உள்ளே திரும்பும். எனவே குழாயுடன் வீடு திரும்புவோர்க்கு முதற்கண் வேண்டுவது ஒரு கட்டில். கயிற்றுக் கட்டிலாயினும் அதன் சட்டத்தில் பையைத் தொங்கவிடலாம். பாளைக்குக் கீழே கலயம் கட்டிப் பழகிய பனையேறிக்கு இது சொல்லாமலே விளங்கும்.

பகலில் காலில் கட்டும் சிறு பை சாரத்துக்குள் மறைந்துவிடும்; இவ்வகையில் கால்சட்டையைவிடச் சாரமே ஏற்றது. ஆனால் உணர்விழந்த காலில் பட்டை இறுகினால் புண்ணாவது தெரியாது. நாள்தோறும் அவிழ்த்துப் பார்த்தல் வேண்டும். மூன்றில் இரு பங்கு நிரம்புமுன் பையை வடித்துவிடாவிடில் அதன் எடை குழாயை இழுக்கும். கோயிலுக்கும் திருமணத்துக்கும் செல்லும் நாளில் கூச்சத்தால் தண்ணீர் குடிப்பதைக் குறைப்போர் உளர். அதனால் சிறுநீர் செறிந்து அடைப்பு விரைகிறது. கூச்சத்தால் வெளியே செல்வதையே நிறுத்திக்கொள்வோர் இழப்பு இதனினும் பெரிது.

சொல்லின் சிக்கல்

உடலுறுப்பு 'சிறுநீர்ப்பை', கட்டிலில் தொங்குவது 'சிறுநீர்ப் பை'. எழுத்தில் ஓர் இடைவெளியே வேறுபாடு. செவிக்கு அதுவும் இல்லை. "சிறுநீர்ப்பை கீழே இருக்கட்டும்" எனக் கேட்பவர் எதனைக் கொள்வார்? கலைச்சொல்லாக்கத்தில் இம்மயக்கம் கருதப்படவில்லை போலும். உறுப்பை 'அடிவயிறு' எனச் சுட்டி, "பை அடிவயிற்றுக்குக் கீழே தொங்கட்டும்" என்றால் ஐயம் எழாது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக நோய்த்தணிப்புப் பராமரிப்பு இல்லங்களுக்கே வருகிறது. அவ்வாறு வரும் செவிலியரின் கையேட்டில் முதலில் திருத்த வேண்டிய தொடர் இது.