4-ன் தலையில் டாலர் எதற்கு?

லாலாகுடா என்றதும் நினைவுக்கு வருவது ரயில்வே பட்டறை. நிஜாம் ரயில்வே காலத்தில், 1893-ல் ஏற்பட்டது. இரும்பைத் தட்டுவோர் ஒரு பக்கம். எழுத்தைத் தட்டுவோர் மறுபக்கம். பிழைப்புத் தேடி வந்த தமிழர்களில் இரு வகையினரும் உண்டு.

எழுத்தைத் தட்டுவோருக்கு ஒரு வில்லங்கம். சம்பளப் பட்டியலோ, கேன்டீன் கணக்கோ, அடிக்க வேண்டியது ரூபாய். ஷிப்டை அழுத்தி 4-ஐத் தட்டினால் வருவதோ டாலர்! லாலாகுடா கடைத்தெருவில் யார் டாலர் கொடுத்துக் கத்தரிக்காய் வாங்குகிறார்கள்?

ரூபாய்க்குத் தனிக்குறி கிடைத்தது 2010 ஜூலை 15-ந் தேதி. வரைந்தவர் உதயகுமார், தமிழர். குறி வந்தும் 4-ன் தலையில் இடம் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டரில் 'இங்கிலீஷ் (இந்தியா)' முறையை வைத்துக்கொண்டு, வலது ஆல்ட்டுடன் 4-ஐ அழுத்த வேண்டும். இது தெரியாமல் 'ஆர்.எஸ்.' என்று அடித்தே காலம் தள்ளுவோர் பலர்.

மாற்ற முடியுமா?

பழைய டைப்ரைட்டரில் ஒரே அச்சுக் கம்பியின் நுனியில் இரண்டு எழுத்து இருக்கும். ஷிப்டை அழுத்தினால் பொறியின் ஒரு பாகமே இடம் பெயரும்; மேல் எழுத்து தாளில் விழும். 1878-ல் ரெமிங்டன் கொண்டுவந்த ஏற்பாடு இது. குறியை மாற்ற வேண்டுமென்றால் பழைய அச்சைக் கழற்றிப் புதியதைப் பற்றவைக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் கீபோர்டு அப்படியல்ல. அது எழுத்தை அனுப்புவதே இல்லை. எந்த விசை அழுந்தியது என்பதை மட்டும் சொல்லும். டாலரா, ரூபாயா என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர்.

இப்போது, நாமே கட்டளை மாற்றி எழுதக்கூடிய கீபோர்டுகள் வந்திருக்கின்றன. 'கியூ.எம்.கே.' என்ற இலவச நிரல் பலவற்றில் ஓடுகிறது. அதற்கு இடும் கட்டளை இவ்வளவுதான்: ஷிப்டும் 4-ம் சேர்ந்து வந்தால், ஷிப்டை மறைத்துவிட்டு, வலது ஆல்ட்டும் 4-ம் வந்ததாகச் சொல். ரூபாய் விழும். டாலரை ரூபாயின் பழைய இடத்துக்கு அனுப்பிவிடலாம்.

கட்டளை கீபோர்டின் சில்லிலேயே பதிந்திருப்பதால், வேறு ஊருக்கு மாற்றலானாலும் கூடவே வரும். அங்கும் கம்ப்யூட்டர் 'இந்தியா' முறையில் இருக்க வேண்டும், அவ்வளவே. அலுவலகத்தில் சொந்த கீபோர்டைச் செருக அனுமதி வாங்குவது தனிக் கதை.

உஷார்!

கடவுச்சொல்லில் டாலர் குறி வைத்திருப்பவர் பழக்கதோஷத்தில் ஷிப்ட்-4 அழுத்தினால் உள்ளே போவது ரூபாய். திரையில் தெரிவதோ வெறும் புள்ளிகள். சில தடவை தவறினால் கணக்கு பூட்டிக்கொள்ளும். அதுவும் சம்பளப் பட்டியல் போக வேண்டிய நாளாகப் பார்த்து நடக்கும்! முதலில் கடவுச்சொல்லை மாற்றுங்கள். பிறகு 4-ல் கை வையுங்கள்.