கொல்லிமலை: மதிலுக்கு மேலே விரியும் நாடுகள்

நாமக்கல் சமவெளிக்கு அருகே மதில்போல் எழுந்து நிற்கிறது கொல்லிமலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த இதன் விளிம்புகள் செங்குத்தானவை. ஏறி முடித்தாலோ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் வயலும் தோப்பும் ஊருமாக மேட்டுநிலம் விரிகிறது.

சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியாக வரும் சாலை, காரவள்ளியில் மலையேறத் தொடங்குகிறது. சோளக்காடு சேர்வதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகள். நேராக ஏற முடியாத சரிவில், சாலை மடிந்து மடிந்து சிறுகச் சிறுக உயரம் சேர்க்கிறது. இறங்கும்போது தாழ்ந்த கியரில் வருவதே பாதுகாப்பு. பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிப்புத் தளரும். சேலத்திலிருந்து வருவோருக்கு ராசிபுரம், முள்ளுக்குறிச்சி வழியும் உண்டு. அதில் வளைவுகள் குறைவு.

மேலே உள்ள ஊராட்சிகளின் பெயர்கள் ‘நாடு’ என்றே முடிகின்றன: வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை.

இத்தாலியின் அமால்ஃபி கடற்கரையில் செங்குத்துச் சரிவுகளைக் கற்சுவரால் படிகளாக்கி எலுமிச்சை வளர்க்கிறார்கள். மனித உழைப்பு உருவாக்கிய அந்த நிலக்காட்சியை 1997இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கொல்லிமலையின் அழகும் அத்தகையதே. பள்ளங்களில் படிப்படியாக நெல்வயல். சரிவுகளில் சாமை, தினை, கேழ்வரகு. நிழல்மரங்களில் படரும் மிளகு, அவற்றின் கீழே காப்பி. சமவெளியின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி பரவியதும் சாமையின் பரப்பு சுருங்கியது. சிறுதானியங்களை மீட்க எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மலைமக்களுடன் சேர்ந்து பணியாற்றியுள்ளது. சோளக்காடு சந்தையில் பலா, அன்னாசி, மலைவாழை கிடைக்கும்.

பெரியகோவிலூரில் அறப்பளீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாயகங்கை அருவி. மலையில் பிறக்கும் ஐயாறு இங்கே பாறை விளிம்பிலிருந்து விழுந்து, திருச்சி மாவட்டப் புளியஞ்சோலை நோக்கிப் போகிறது. இறங்குவது எளிது, ஏறுவதற்கு நேரமும் தண்ணீரும் வேண்டும். வெள்ளக் காலத்தில் அருவிக்குச் செல்லக் கூடாது. சமவெளி முழுவதையும் பார்க்கச் சீக்குப்பாறை ஏற்ற இடம்.

கடையெழு வள்ளல்களில் ஒருவனான வல்வில் ஓரி ஆண்ட மலை இது. ஆடிப்பெருக்கை ஒட்டி அவன் பெயரில் செம்மேட்டில் அரசு விழா நடக்கிறது. அந்நாட்களில் சாலையில் நெரிசல் மிகும். ஊர்களை நிதானமாகப் பார்க்க, மழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்கள் நல்லவை.