ஆடாத மரக்குதிரை

ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்று ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உள்ளது. காஞ்சிபுரத்தில் நம் பிள்ளைகளும் கதவு, கட்டில், தறிச்சட்டம் பழுதுபார்க்கப் பழகுகிறார்கள். ஆனால் நாற்காலிமேல் பலகை வைத்து அறுத்தால் அது சரியும்; ரம்பம் கையைக் கிழிக்கும். பலகையின் இரு முனைகளையும் தாங்க மரக்குதிரை இரண்டு செய்துகொள்ளுங்கள்.

மேல்கட்டை 3 அடி நீளம், 4 அங்குல அகலம். உயரம் முழங்கால் அளவு போதும். அப்போதுதான் பலகையை முழங்காலால் அழுத்திப் பிடிக்க முடியும். நான்கு கால்களும் கீழே வெளிப்பக்கம் விரிந்து நிற்கட்டும். மேல்கட்டையில் பள்ளம் வெட்டிக் கால்களைப் பதித்து, திருகாணியால் இறுக்குங்கள். ஆணி மட்டும் நாளடைவில் தளரும். எதிரெதிர்க் கால்களைக் குறுக்குச் சட்டத்தால் இணையுங்கள். ஆடினால் சமதளத்தில் வைத்துப் பார்த்து, நீண்ட காலைச் சீவுங்கள்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் கைகளைப் பாதுகாத்து, உழைப்பில் பரக்கத் செய்வானாக. ஆமீன்.