மாத்திரையை ஒரு வேளையும் விடலாகாது!

எச்.ஐ.வி. என்றதும் முகத்தைச் சுளித்துப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், சகோதரிகளே! இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் 1986-ல் கண்டுபிடித்தது நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரி டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் ரத்த மாதிரிகளைச் சேகரித்து வேலூரில் சோதித்தார்கள். டாக்டர் சுனிதி 1993-ல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் பின்னாளில் அடையாறை அடுத்த தரமணியில் இயங்கியது.

இந்தக் கிருமியின் பொல்லாத்தனம் என்ன தெரியுமா? சமையல் குறிப்பை ஒருத்தரைப் பார்த்து ஒருத்தர் எழுதிக்கொண்டே போனால், எங்காவது ஓர் எழுத்து மாறிப்போகும் இல்லையா? கிருமியும் தன்னைப் பிரதி எடுக்கும்போது பிழை செய்கிறது, திருத்திக்கொள்வதில்லை. மாறிய கிருமிகள் நம் எதிர்ப்புச் சக்தியை ஏமாற்றுகின்றன. சில பிழைகள் மருந்தையும் ஏமாற்றும். 'லாமிவுடின்' மருந்துக்குத் தப்பிக்க ஒரே ஒரு மாற்றம் போதும்.

அதனால்தான் மூன்று மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். மூன்றிலிருந்தும் ஒரே சமயத்தில் தப்புவது கிருமிக்கு மிகவும் கஷ்டம். ஆனால் மாத்திரையை அடிக்கடி விட்டால் ரத்தத்தில் மருந்து குறையும்; அரைகுறை மருந்துக்கு நடுவே மாறிய கிருமிதான் பிழைத்துப் பெருகும்.

தி.நகரில் எனக்குத் தெரிந்த பெண் ஒருத்தி. கணவர் மூலம் வந்த நோய். விருந்தாளி வந்தால் மாத்திரையை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்துவிடுவாள். "யாராவது பார்த்துட்டா என்ன சொல்றது அக்கா?" என்பாள். இப்படியே பல நாள் விட்டுப்போயிற்று. ரத்தத்தில் கிருமி மறுபடி ஏறி, டாக்டர் மருந்தையே மாற்ற வேண்டியதாகிவிட்டது. அவளைக் கெடுத்தது மறதி இல்லை, பயம்!

அரசாங்கம் 2004 ஏப்ரல் முதல் இலவசமாக மருந்து தருகிறது. தாம்பரம் ஆஸ்பத்திரியும் முதலில் தொடங்கிய மையங்களில் ஒன்று. தினமும் ஒரே நேரத்தில் சாப்பிட வேண்டும். தீருவதற்கு முன்பே வாங்கி வைக்க வேண்டும். குமட்டல், தலைசுற்றல் என்றால் தாமாக நிறுத்தாமல் டாக்டரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் எல்லோரும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நோய் இருந்தாலும், மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டால் குழந்தைக்குத் தொற்றாமல் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

தொட்டாலோ, ஒரே தட்டில் சாப்பிட்டாலோ இது ஒட்டாது. உங்கள் வீட்டு மருமகளோ, பக்கத்து வீட்டுப் பெண்ணோ மாத்திரை சாப்பிடுகிறாளா? "எதுக்கும்மா?" என்று துருவாதீர்கள். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அவள் ஒளித்து வைக்காமல் சாப்பிட்டால், அதுவே பாதி வைத்தியம்.