பாவும் ஊடும்

இலங்கையைச் சுற்றிப் பார்க்க வருவோர் பெரும்பாலும் மலை, கடல், இடிந்த நகரம் என்னும் மூன்றையும் கண்டு மீள்வர். மூன்றும் காணத் தக்கனவே. ஆயின், இத்தீவு மக்களின் கைத்திறத்தைக் காண்போர் சிலர். விடுதிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் விலைச்சீட்டோடு கிடக்கும் பொருளைக் காண்பது அதனைச் செய்த கையைக் காண்பதாகாது.

எமது கீழைத்தேயக் கல்லூரியின் ஆசிரியர் எண்மர் சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒரு சிறு வண்டியை அமர்த்திக்கொண்டு, நெய்வோரையும் முடைவோரையும் மாத்திரமே தேடி ஒன்பது நாள் திரிந்தோம். புறப்படு முன் ஒரு நியதி செய்துகொண்டோம்: கடையில் வாங்குவதில்லை, செய்பவர் வாயிலில் வாங்குவது, விலை குறைத்துக் கேட்பதில்லை. இந்நியதியின் மூன்றாம் பகுதி எத்துணைக் கடினமானது என்பதைப் பின்னர்ச் சொல்வேன்.

இவ்வழியில் எமக்கு முன்னே நடந்தவர் ஒருவர் உளர். அவர் கொழும்பிலே 1877இற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. சேர் முத்துக் குமாரசுவாமியின் புதல்வர். இராமநாதன், அருணாசலம் என்னும் சகோதரர்க்கு மாதுலன் மகன். 1903 முதல் 1906 வரை இந்நாட்டின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதிக்குத் தலைவராயிருந்தார். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர் கலையைக் கண்டார். கண்டி நாட்டுக் கம்மியர், நெசவாளர், வண்ணக்காரர், பாய் முடைவோர் ஆகியோரின் தொழில்முறைகளை அவர்தம் வாய்மொழி கேட்டெழுதி, மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் இங்கிலாந்திலே தம் சொந்த அச்சகத்திற் பதிப்பித்தார். அவரோடு உடன் திரிந்த மனைவியார் எதெல் அம்மையார். இலங்கைக் கிராமத்துத் தறியைப் பார்த்த அவ்வம்மையார் பிற்காலத்தில் எதெல் மைரே என்னும் பெயரோடு இங்கிலாந்திலே தாமே தறியில் அமர்ந்து, அந்நாட்டுக் கைந்நெசவாளருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட்டார். தமிழ்த் தந்தைக்குப் பிறந்த ஒருவர் சிங்களக் கம்மியரின் அறிவை ஏட்டிலேற்றினார் என்பதை எமது மாணவர் பலர் அறியார். பாடப்புத்தகம் சொல்லாததை ஆசிரியரேனும் சொல்லல் வேண்டும்.

கண்டிக்குக் கிழக்கே தும்பறைப் பகுதியில் ஹேனாவல என்றொரு கிராமம். இங்கே முடையப்படும் பாய்க்கும் சுவர்த்தொங்கலுக்கும் 'தும்பற ரட்டா கலால' என்று பெயர். முற்காலத்தில் 'நியந்த' என்னும் செடியின் நார் இதற்குப் பயன்பட்டது. நியந்த என்பது வேறன்று. கலித்தொகையின் பாலைநிலத்திலே வரும் மரல்தான். இன்று 'ஹன' என்னும் கற்றாழை வகையின் நாரே பெரிதும் வழங்குகின்றது. இலையை மரக்கட்டையின் மேல் வைத்துச் சுரண்டிச் சதையை நீக்கி, நாரைக் கழுவி உலர்த்திச் சீவிச் சாயமேற்றுகின்றனர். பழைய முறையில் மஞ்சள் நிறம் 'வெனிவெல்' கொடியால் வருவது. அஃது எமது மருத்துவர் அறிந்த மரமஞ்சள். சிவப்பு 'பதங்கி' மரத்தால் வருவது. அஃது எமது பதங்கம். கருமைக்குக் கடுக்காயும் தான்றிக்காயும் சேரும். சிங்கள மூதாளர் சிங்களத்திற் சொல்ல, யான் தமிழிற் பெயர் சொல்ல, இருவரும் ஒரே காட்டில் நின்றோம்.

தறி தரையோடு தரையாய் நீண்டு கிடக்கின்றது. நெய்பவர் நிலத்தில் அமர்ந்து, பாவின் இழைகளை விரலால் எண்ணி எடுத்து, யானையையும் மானையும் பாம்பையும் நட்சத்திரத்தையும் தோற்றுவிக்கின்றார். அவர்முன் வரைபடம் ஏதுமில்லை. எண்ணிக்கை முழுவதும் மனத்தில் உள்ளது. 2021இல் ஐக்கிய நாடுகள் கல்வி, விஞ்ஞான, பண்பாட்டு நிறுவனம் இக்கைத்திறனை மானிடத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பட்டியலிற் சேர்ந்ததை நெய்தவரும் அறிவார். "பெயர் வந்தது, பிள்ளை வரவில்லை" என்றார். அவருடைய மக்கள் இருவரும் நகரத்திலே வேலை செய்கின்றனர்.

இங்கேதான் எமது நியதி சோதனைக்குள்ளாயிற்று. ஒரு சிறு சுவர்த்தொங்கலின் விலையைக் கேட்ட எம் நண்பர், கணித ஆசிரியர், பழக்கத்தால், "சற்றுக் குறைத்துச் சொல்லுங்கள்" என்றார். மூதாளர் சினங்கொள்ளவில்லை. தொங்கலைத் திருப்பிப் பின்புறத்தைக் காட்டி, "இதில் எந்த இழையைக் குறைப்பது?" என்று கேட்டார். கணித ஆசிரியர் கேட்ட விலையைக் கொடுத்தார். வண்டியில் ஏறியபின் கணக்கொன்று போட்டார்: இலை வெட்டிய நாள், நார் எடுத்த நாள், சாயமிட்ட நாள், நெய்த நாள் யாவற்றையும் கூட்டி விலையை வகுத்தால், நாட்கூலி கொத்தன் கூலியிலும் குறைவு. அதன்பின் எம்மில் எவரும் விலைபேசவில்லை.

மாத்தளைக்கு அருகே அலுவிகாரை. பாளித் திரிபிடகம் முதன்முதல் ஏட்டில் எழுதப்பட்ட இடம் அது என்பர். அதே ஊரிலே, 1960களிற் கொழும்பிலே பத்திக் தொழிலுக்குப் புத்துயிர் அளித்த ஏனா டி சில்வா அம்மையார் (1922–2015) கிராமத்துப் பெண்களுக்குத் தையலும் பத்திக்கும் பயிற்றி ஒரு தொழிலகத்தை நடத்தினார். பத்திக் சாவகத்துக் கலை. உருகிய மெழுகை வேண்டுமிடத்திற் பூசிச் சாயத்தில் தோய்த்தால் மெழுகு பூசிய இடம் நிறம் ஏலாது. வந்த கலை வேரூன்றியது நன்று. ஆயினும் கடற்கரைதோறும் தொங்கும் பத்திக் துணிகளுட் பல, யானையும் தென்னையும் அச்சடித்தாற்போல் வரையப்பட்டவை. அவற்றைக் கண்டு யான் மகிழ்ந்தேனல்லேன்.

அம்பலாங்கொடையின் முகமூடிகளைப் பற்றிப் பலர் விரித்தெழுதியுள்ளனர், ஈண்டு விடுகின்றேன். காலி, வெலிகமைப் பக்கத்து ரேந்தை பற்றிச் சில சொல்லவேண்டும். உருண்ட திண்டொன்றின் மேல் ஊசிகளைக் குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகளை இடம் மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுகின்றனர். குச்சியின் பெயர் சிங்களத்தில் 'பீரலு'. போர்த்துக்கேய மொழியில் அது 'பில்ரோ'. ரேந்தை என யாழ்ப்பாணத்துப் பாட்டிமார் சொல்லும் சொல்லும் போர்த்துக்கேயரின் 'ரெண்டா'வே. கோட்டை பிடித்தவர் 1658இல் இத்தீவை விட்டு முற்றாக நீங்கினர். சொல்லும் குச்சியும் நீங்கவில்லை. ஒரு மூதாட்டியின் கை அக்குச்சிகளை எறியும் வேகத்தைக் கண் பின்தொடர இயலாது. ஒரு விரற்கடை அகலம் பின்ன எத்துணை நேரம் என்று கேட்டோம். "பேசாதிருந்தால் விரைவில் முடியும்" என்றார்.

இக்கரையிலே வாழும் 'சலாகம' வகுப்பினரின் வரலாறும் நினைவுகொள்ளத் தக்கது. தென்னிந்தியாவிலிருந்து நெசவுத் தொழிலுக்காகக் கொணரப்பட்ட சாலியரே அவர் முன்னோர் என்பது வழிவழி வந்த செய்தி. சாலியர் என்பது தமிழில் நெசவாளர்க்குப் பெயர். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் கறுவாவிலே கண்வைத்தபோது, அவ்வகுப்பினர் கறுவாப் பட்டை உரிக்கும் ஊழியத்திற் பிணிக்கப்பட்டனர். தறி போயிற்று, பெயர் நின்றது. ஒரு தொழில் அழிவதற்குக் கை மறந்துபோதல் வேண்டுமென்பதில்லை. அரசன் வேறு வேலை இட்டாலே போதும்.

கிழக்கே மருதமுனை. தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர். கைத்தறிச் சாரத்துக்கும் சேலைக்கும் பெயர்பெற்றது. 2004 மார்கழி 26ஆந் திகதி ஆழிப்பேரலை இவ்வூரின் கரையோரத்தைத் துடைத்தெறிந்தது. எனினும் தறிகள் அதற்கு முன்னமே குறையத் தொடங்கியிருந்தன. இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டிருந்த காலத்தில் இங்கே தெருவெல்லாம் தறியோசை கேட்டதென முதியோர் சொல்கின்றனர். 1977இற் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் வெளிநாட்டு மலிவுத் துணி வந்து குவிந்தது. நூலின் விலையோ ஏறிற்று.

ஒரு வீட்டின் தாழ்வாரத்திலே தறி இரண்டு. ஒன்றில் மனிதர், மற்றதில் தூசி. அச்சு, விழுது, நாடா, பாவு, ஊடு என ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டிய அம்மனிதர், "மாஸ்டர், நீங்கள் என்ன படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டார். "இலக்கணம்" என்றேன். "அதுக்கும் நூல் வேணுமா?" என்றார். அவர் விளையாட்டாகக் கேட்டாரோ, அறிந்தே கேட்டாரோ, யான் அறியேன். நன்னூற் பாயிரத்திலே சொல்லைப் பஞ்சாகவும் பனுவலை இழையாகவும் புலவனை நூற்பவளாகவும் வைத்த உவமையை இருபத்தைந்து ஆண்டுகளாகக் கரும்பலகையில் விளக்கி வருகின்றேன். அன்று தறியருகே நின்று அவருக்கு அதனைச் சொன்னேன். நாடாவை நிறுத்திக் கேட்டார். பின்பு, "நூற்பவளைச் சொன்னாங்க, நெய்தவனைச் சொல்லயில்லையே" என்றார். உரையாசிரியர் எவரும் கேட்டிராத கேள்வி. அடுத்த தவணையில் மாணவரிடம் இதனை வினவ எண்ணியுள்ளேன்.

செங்குந்தர் மரபிலே ஒட்டக்கூத்தர் தோன்றினார். வள்ளுவரையே நெசவாளர் என்று சொல்லும் கதையும் உண்டு. நெய்தற்றொழிலுக்கும் செய்யுளுக்கும் உறவு சொல்வதில் எமக்குக் குறைவில்லை. தறி வாங்கிக் கொடுப்பதிலேதான் குறைவு.

இறுதியிலே எமது சொந்த மண். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சாயவேர் அகழ்ந்தெடுக்கும் உரிமையை ஒல்லாந்தர் தம் வருவாயாக வைத்திருந்தனர். இம்பூறல் என்று சித்த மருத்துவர் சொல்லும் சிறு செடியின் வேர் அது. துணிக்குச் செந்நிறம் தருவது. 1868இல் ஜேர்மனியர் இருவர் அச்சிவப்பின் கூறான அலிசரினைச் செயற்கையாகச் செய்யும் வழி கண்டனர். மணற்றிடலிற் குனிந்து வேர் அகழ்ந்தோரின் பிழைப்பு, அவர்கள் காணாத ஓர் ஆய்கூடத்திலே முடிந்தது.

பனை மாத்திரம் நிற்கின்றது. தாலவிலாசம் அதன் பயன் 801 என்று எண்ணுகின்றதென்பர். பனையோலைப் பெண்கள் நால்வரோடு ஒரு பகற்பொழுது இருந்தோம். குருத்தோலையை வார்ந்து, நனைத்து, சாயமிட்டு முடைகின்றனர். அவர்கள் வாயிலிருந்து யாம் எழுதிக்கொண்ட பெயர்கள்: கடகம், நார்க்கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, மூடுபெட்டி, குட்டான், உமல், தட்டுவம், பிளா, கொட்டைப்பெட்டி. எம்முடன் வந்த இளைய ஆசிரியை நகரத்திற் பிறந்தவர். இவற்றுள் நான்கின் பொருளை மாத்திரமே அறிந்திருந்தார். உமல் மீன் கொண்டுசெல்வது, பிளா கள்ளும் கூழும் குடிப்பது, கொட்டைப்பெட்டி மடியிற் செருகிக் காசு வைப்பது எனப் பெண்கள் சிரித்துச் சிரித்து விளக்கினர். இப்பொழுது அவர்கள் பெரிதும் முடைவது வெளிநாட்டார் விரும்பும் கைப்பைகளையே. கொட்டைப்பெட்டி கேட்பாரில்லை.

யான் ஒன்று கேட்டேன். முடைந்து காட்டியவர் வயதிற் பெரியவர். அவர் கணக்கில் ஒரு மணித்தியாலத்து வேலை. ஈற்றில் இழுத்து மூடும் முடிச்சை மாத்திரம் அவர் மும்முறை அவிழ்த்துக் கட்டினார். பல ஆண்டாக அதனைச் செய்யவில்லையாம். அருகிலிருந்த இளம்பெண் முடையுந் தொழிலிற் கைதேர்ந்தவள். அவளும் அம்முடிச்சை அறியாதிருந்தமையால், தன் வேலையை ஒருபுறம் வைத்துவிட்டு, அவர் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் முறை அவளே கட்டினாள்.