கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்: சில நாடுகளில் குறைந்தது எப்படி?

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஓரிரவில் வருவதல்ல. பாலுறவு மூலம் தொற்றும் பப்பிலோமா வைரசு வகைகள் சிலவே இதற்குக் காரணம். பெரும்பாலான பெண்களில் அத்தொற்று தானாகவே மறைந்துவிடும். சிலரில் மட்டும் அது நிலைத்துநின்று கலங்களை மாற்றுகிறது. அம்மாற்றம் புற்றுநோயாக முற்றுவதற்குப் பொதுவாகப் பத்து வருடங்களுக்கு மேல் செல்லும். அதுவரை நோவும் இல்லை, வேறு குறியும் இல்லை.

இந்த இடைக்காலத்திலேயே பப் பரிசோதனை கலமாற்றத்தைக் காட்டிவிடுகிறது. அச்சிறு பகுதியை அகற்றிவிட்டால் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். பூக்குமுன் பிடுங்கிய களை விதை சிந்தாது அல்லவா?

இதன் பயனை வட ஐரோப்பாவில் காணலாம். பின்லாந்தும் ஐஸ்லாந்தும் 1960களிலேயே குறிப்பிட்ட வயதுப் பெண்கள் அனைவரையும் பரிசோதனைக்கு அழைக்கத் தொடங்கின. நோர்வேயில் அக்காலத்தில் ஒரு மாவட்டத்தில் மட்டுமே அவ்வாறு நடைபெற்றது. 1965க்கும் 1982க்கும் இடையில் இந்நோயால் ஏற்படும் மரண வீதம் ஐஸ்லாந்தில் நூற்றுக்கு 80, பின்லாந்தில் 50 எனக் குறைந்தது. நோர்வேயில் குறைந்ததோ 10 மட்டுமே. பரிசோதனை ஒன்றுதான், அது எத்தனை பெண்களைச் சென்றடைந்தது என்பதிலேயே வேறுபாடு இருந்தது. நோர்வே 1995இல் நாடு முழுவதற்கும் அத்திட்டத்தை விரித்தது.

இலங்கையில் 1996 முதல் சுகவனிதையர் கிளினிக்குகள் நடைபெறுகின்றன. 35 வயதுப் பெண்களுக்கு இங்கு முதலிடம். பரிசோதனை இலவசம்; சில நிமிடங்களில் முடிந்துவிடும். மாதவிடாய் நாட்களைத் தவிர்த்துச் செல்லவேண்டும்.

குடும்பநல உத்தியோகத்தர் தமது பிரிவில் பதிவுள்ள பெண்களையே அழைப்பார். ஊர்விட்டு ஊர் வந்த நம்மில் பலரின் பெயர் பழைய ஊர்ப் பதிவேட்டிலேயே இருக்கலாம். எனவே அழைப்பு வரும்வரை காத்திராது, இப்போது வசிக்கும் பகுதியின் குடும்பநல உத்தியோகத்தரிடம் பெயரைப் பதியுங்கள். "நாலு பிள்ளை பெற்றவள், எனக்கென்ன வரும்?" என்று இருந்துவிட வேண்டாம். முடிவு எழுதிய தாளைக் குடும்ப அட்டையுடன் பத்திரப்படுத்துங்கள். மறுபடி இடம்மாற நேர்ந்தாலும் அது கைகொடுக்கும்.

2017 முதல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்கு இவ்வைரசுக்கு எதிரான தடுப்பூசி பாடசாலையில் இரு தடவை ஏற்றப்படுகிறது. மகளுக்கு அதைத் தவறவிடாதீர்கள். ஆனால் முன்பே தொற்றிய வைரசை அவ்வூசி அகற்றாது. ஆகவே தாய்க்குப் பரிசோதனையே காப்பு.

மாதவிடாய் நின்றபின்னோ, உடலுறவின் பின்னோ இரத்தம் கண்டால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே வைத்தியரை நாடுங்கள்.