படகில் விருந்து... தட்டில் ஒரு கேள்வி!

கிறிஸ்துமஸ் என்றதும் உங்கள் மனதில் என்ன படம் தோன்றும்? பனி கொட்டும் இரவு, கம்பளிக் குல்லாய் போட்ட தாத்தா, வெண்பனி போர்த்திய கூரை... வாழ்த்து அட்டைகளில் இப்படித்தானே பார்த்திருக்கிறீர்கள்!

ஆனால், வெயில் சுள்ளென்று அடிக்க, தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும் அணிந்து கிறிஸ்துமஸ் கொண்டாடும் நகரமும் இருக்கிறது. அதுதான், ஆஸ்திரேலியாவில் உள்ள சிட்னி. பூமியின் அச்சு சற்றுச் சாய்ந்திருக்கிறது அல்லவா? அதனால், டிசம்பர் மாதத்தில் பூமியின் தென்பாதி சூரியனை நோக்கிச் சாய்ந்து நிற்கும். வடபாதியில் குளிர்காலம், தென்பாதியில் கோடைக்காலம்!

வெயில் காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடக்க யாருக்குப் பிடிக்கும்? அதனால், பண்டிகை விடுமுறையில் சிட்னி மக்கள் பலர், உல்லாசப் படகில் ஏறி, துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தபடியே மதிய விருந்து சாப்பிடுவார்கள். சுற்றுலாப் பயணிகளும் சேர்ந்து கொள்வார்கள்.

வாருங்கள், நாமும் அப்படி ஒரு படகில் ஏறுவோம். டிக்கெட் வேண்டாம். ஒரே ஒரு நிபந்தனை... ஒரு கண் தட்டில் இருக்கட்டும். மறு கண் வெளியே இருக்கட்டும். ஏனென்றால், இந்தத் துறைமுகத்தின் கதையே ஒரு சாப்பாட்டுக் கதைதான்!

நம்ம ஊர்ப் பெயர் கொண்ட படகு!

டார்லிங் ஹார்பர் என்னும் இடத்தில், கிங் ஸ்ட்ரீட் படகுத்துறையில் ஏறுகிறோம். நம் படகைக் குனிந்து பாருங்கள். அடியில் ஒன்றுக்கு இரண்டு உடல்கள் இணையாக இருக்கின்றன. நடுவில் தண்ணீர் ஓடுகிறது. இந்த வகைப் படகுக்கு, 'கேட்டமரான்' என்று பெயர். எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? நம் மீனவர்களின், 'கட்டுமரம்' என்ற சொல்தான் ஆங்கிலத்துக்குப் போய், இப்படி மாறி விட்டது!

இரண்டு உடல்கள் விலகி நிற்பதால், இந்தப் படகு அதிகம் சாயாது. சிட்னி துறைமுகமோ பெரும்பாலும் நிலம் சூழ்ந்தது. ஆதியில் ஓர் ஆற்றுப் பள்ளத்தாக்காக இருந்த இடம் அது. பனியுகம் முடிந்து, பனிப்பாறைகள் உருகி, கடல் மட்டம் உயர்ந்த போது பள்ளத்தாக்குக்குள் கடல் புகுந்து நிரம்பியது. வெளியே பசிபிக் பெருங்கடலில் அலை எவ்வளவு சீறினாலும், உள்ளே தண்ணீர் பெரும்பாலும் அடங்கித்தான் இருக்கும். அதனால்தான் மேஜையில் வைத்த பழரசம் சிந்தாமல் நிற்கிறது.

பாதுகாப்பு அறிவிப்பைக் கேட்டு விட்டீர்களா? உயிர்காப்பு அங்கி எங்கே இருக்கிறது என்று தெரிந்து கொண்ட பின்தான் சாப்பாடு!

என்னென்ன பதார்த்தம்?

முதலில், ஒவ்வொருவர் முன்னும் மிட்டாய் போல் சுற்றிய ஒரு காகிதக் குழல் இருக்கும். பக்கத்தில் இருப்பவர் ஒரு முனையையும், நீங்கள் மறு முனையையும் பிடித்து இழுக்க வேண்டும். 'பட்' என்று வெடிக்கும். உள்ளே காகிதக் கிரீடம், ஒரு துணுக்குச் சிரிப்பு, சின்னப் பொம்மை! கிரீடத்தைத் தலையில் வைத்துக் கொண்டுதான் எல்லாரும் சாப்பிடுவார்கள். தாத்தா, பாட்டிக்கும் விலக்கு இல்லை.

கோடைக்காலம் என்பதால், பல பதார்த்தங்கள் குளிர்ச்சியாகவே வரும். வேகவைத்து ஆறவைத்த இறால், சிப்பி, பன்றி இறைச்சித் துண்டுகள், காய்கறி சாலட். வான்கோழி வறுவலும் உண்டு. சைவம் சாப்பிடுவோர் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. கடைசியில் செர்ரிப் பழம், மாம்பழம்... ஆமாம், அங்கே டிசம்பரில்தான் மாம்பழக் காலம்!

இனிப்புக்கு, 'பாவ்லோவா' வரும். முட்டையின் வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து வேகவைத்து, மேலே பாலேட்டையும் பழங்களையும் வைப்பார்கள். அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய நடனமணியின் பெயர் அது. அவர், 1926ல் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் நடனமாடினார். இந்த இனிப்பை முதலில் செய்தது யார் என்று, இரு நாட்டாருக்கும் இன்று வரை செல்லச் சண்டை ஓயவில்லை!

படகிலேயே அடுப்பு!

படகு புறப்பட்டு விட்டது. வலப்பக்கம் தெரியும் கரையின் பெயர், பாரங்கரூ. அது ஒரு பெண்ணின் பெயர்.

ஆங்கிலேயர்கள், 1788ம் ஆண்டு ஜனவரி 26ம் தேதி இங்கே குடியேறினர். அவர்களுக்கு முன், பல்லாயிரம் ஆண்டுகளாக இங்கே பூர்வகுடி மக்கள் வாழ்ந்தனர். ஆண்கள் ஈட்டியால் மீன் குத்துவர். பெண்கள் தூண்டில் போடுவர். சிப்பி ஓட்டைத் தேய்த்து வளைத்து தூண்டில் முள் செய்வர். மரப்பட்டை நாரை முறுக்கி கயிறு திரிப்பர். அவர்களது படகும் மரப்பட்டையால் ஆனதுதான். அதற்கு, 'நவி' என்று பெயர்.

ஓர் ஆச்சரியம் கேளுங்கள்... அந்தச் சின்னப் படகின் நடுவே களிமண் பரப்பி, அதன் மேல் நெருப்பு மூட்டி வைத்திருப்பார்கள். பிடித்த மீனை அங்கேயே சுட்டு, குழந்தைகளுக்கும் ஊட்டி, தாங்களும் சாப்பிடுவார்கள். ஆக, இந்தத் துறைமுகத்தில் படகு விருந்தைத் தொடங்கி வைத்தவர்கள், அந்தத் தாய்மார்கள்தான்!

அவர்களில் ஒருவர்தான் பாரங்கரூ. ஆங்கிலேயர் நீட்டிய மதுவையும் உடையையும் ஏற்க மறுத்த, மன உறுதி மிக்க பெண். 1790ம் ஆண்டு நவம்பரில், ஆங்கிலேயர்கள் பெரிய வலையை இரண்டே தடவை இழுத்து, ஏறக்குறைய 4,000 மீன்களை அள்ளினர். தேவைக்கு மட்டும் மீன் பிடித்துப் பழகிய பாரங்கரூவுக்கு, இது கோபம் மூட்டியதாக வரலாற்று ஆசிரியர்கள் கருதுகின்றனர்.

பாலமும் சிப்பி ஓடும்!

அண்ணாந்து பாருங்கள். தலைக்கு மேல் சிட்னி துறைமுகப் பாலம்! 1932ல் திறக்கப்பட்டது. வளைவின் நீளம் 503 மீட்டர். அதன் உச்சி, நீர்மட்டத்திலிருந்து 134 மீட்டர் உயரம். ஏறக்குறைய 60 லட்சம் ரிவெட் ஆணிகள் அடித்து இணைத்திருக்கின்றனர். சட்டை மாட்டும் ஹேங்கர் போல் இருப்பதால், உள்ளூர்க்காரர்கள் இதை, 'கோட் ஹேங்கர்' என்று கேலியாகச் சொல்வார்கள். இந்தப் பாலத்தை மறந்து விடாதீர்கள்; திரும்பி வரும் போது இதைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

பாலத்தைத் தாண்டியதும், பாய்மரம் விரித்தது போல் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே... அதுதான் ஓபரா ஹவுஸ் என்னும் கலை அரங்கம். டென்மார்க் நாட்டு கட்டடக் கலைஞர் யோர்ன் உட்சோன் வடிவமைத்தார். 1959ல் தொடங்கிய கட்டட வேலை, 14 ஆண்டுகள் நடந்து, 1973ல் திறப்பு விழா கண்டது. கூரையில் 10 லட்சத்துக்கும் அதிகமான ஓடுகள் பதித்துள்ளனர். 2007ல், உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது.

இந்த அரங்கம் நிற்கும் நிலமுனைக்கு, 'பென்னலாங் முனை' என்று பெயர். பென்னலாங், பாரங்கரூவின் கணவர். அந்த முனையில் ஒரு காலத்தில் சிப்பி ஓடுகள் மேடு மேடாகக் குவிந்து கிடந்தன. எல்லாம், பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டுப் போட்டவை! ஆங்கிலேயர்கள் அவற்றை அள்ளி, சுட்டு, சுண்ணாம்பாக்கி, வீடு கட்டப் பயன்படுத்தினர். நம்மூரில் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது போலத்தான். பழைய சிட்னியின் சுவர்களில், அந்த மக்களின் விருந்து கலந்திருக்கிறது!

பசித் தீவு!

எதிரே, தண்ணீர் நடுவே ஒரு குட்டித் தீவு. அதன் மேல் ஒரு கோட்டை. இதுதான் டெனிசன் கோட்டை. 1857ல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்கு முன் இது வெறும் பாறை. குற்றம் செய்த கைதிகளை இங்கே கொண்டு வந்து, ரொட்டியும் தண்ணீரும் மட்டும் கொடுத்துத் தனியே விட்டு விடுவார்களாம். 'பின்ச்கட்' என்று இத்தீவுக்கு ஒரு பழைய பெயர் உண்டு. 'வயிற்றைக் கிள்ளும் தீவு' என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

கைதிகள் மட்டும்தான் பட்டினி கிடந்தனர் என்று நினைக்காதீர்கள். 1790ல் இங்கிலாந்திலிருந்து உணவுக் கப்பல் வராமல், குடியேறிய அனைவருமே தவித்தனர். யாராவது விருந்துக்கு அழைத்தால், 'உங்கள் ரொட்டியை நீங்களே கொண்டு வாருங்கள்' என்றுதான் அழைப்பார்களாம். கவர்னர் வீட்டு விருந்துக்கும் அதே கதைதான்!

அந்தப் பஞ்ச காலத்தில், அவர்களுக்கும் கை கொடுத்தது துறைமுகத்து மீன்கள்தான். ஆனால், பூர்வகுடி மக்களோ அதற்குள் பெரும் துயரில் மூழ்கியிருந்தனர். 1789ல் பரவிய பெரியம்மை, அவர்களில் ஏராளமானோரைப் பலி கொண்டு விட்டது.

இந்த இறால் எங்கிருந்து வந்தது?

படகு திரும்புகிறது. மறுபடியும் பாலத்தை நெருங்குகிறோம். இப்போது தட்டைப் பாருங்கள். ஒரு கேள்வி... இந்த இறாலும் மீனும் நாம் மிதந்து கொண்டிருக்கும் இந்தத் தண்ணீரில் பிடித்தவையா?

'ஆமாம்' என்று சொன்னவர்கள் எல்லாம் தோற்று விட்டீர்கள்!

சிட்னி துறைமுகத்தில் விற்பனைக்காக மீன் பிடிக்க, 2006ல் தடை போட்டு விட்டனர். காரணம், 'டையாக்சின்' என்ற நச்சுப் பொருள். 20ம் நூற்றாண்டில், பாலத்துக்கு மேற்கே ஹோம்புஷ் விரிகுடாக் கரையில் ரசாயனத் தொழிற்சாலைகள் இயங்கின. களைக்கொல்லி போன்றவை அங்கே தயாராயின. அவற்றின் கழிவோடு வந்த டையாக்சின், தண்ணீருக்கு அடியில் உள்ள சேற்றில் படிந்து விட்டது.

சேற்றிலுள்ள புழு, நச்சைத் தின்னும். புழுவை இறாலும் சிறு மீனும் தின்னும். அவற்றைப் பெரிய மீன் தின்னும். ஒவ்வொரு படியிலும் நச்சின் அளவு கூடிக் கொண்டே போகும். கழுவினாலும் போகாது, குழம்பு வைத்துக் கொதிக்க வைத்தாலும் போகாது. தொழிற்சாலைகள் மூடிய பின்னும், நச்சு மட்டும் பல ஆண்டுகளாக அங்கேயே தங்கி விட்டது.

பொழுதுபோக்குக்குத் தூண்டில் போட இன்றும் அனுமதி உண்டு. ஆனால், அரசு சொல்லும் அறிவுரை என்ன தெரியுமா? பாலத்துக்கு மேற்கே பிடித்த மீனைச் சாப்பிடவே கூடாது. கிழக்கே பிடித்ததை, பொதுவாக மாதத்துக்கு 150 கிராமுக்கு மேல் சாப்பிடக் கூடாது. மாதம் முழுவதற்கும் இரண்டொரு துண்டுதான்!

அப்படியானால், நம் தட்டில் உள்ள இறால்? அது வேறு கடற்பகுதியிலிருந்தோ, பண்ணையிலிருந்தோ சிட்னி மீன் சந்தைக்கு வந்து, அங்கிருந்து படகேறியது. கிறிஸ்துமசுக்கு முன், அந்தச் சந்தை தொடர்ந்து 36 மணி நேரம் திறந்திருப்பது வழக்கம். அவ்வளவு கூட்டம்! பல்லாயிரம் ஆண்டுகள் தன் மக்களுக்குச் சோறு போட்ட துறைமுகத்தின் மேல் மிதந்தபடி, வேறிடத்து மீனைச் சாப்பிடுகின்றனர். தண்ணீர் பார்ப்பதற்கு நீல நிறமாய், அழகாய்த்தான் இருக்கிறது. அதற்குள் இருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லையே!

கடற்குதிரைக்கு ஓட்டல்!

சோர்ந்து விடாதீர்கள், நல்ல செய்தியும் உண்டு. இந்தத் துறைமுகத்தில் ஒரு வகைக் கடற்குதிரை வாழ்கிறது. அது ஒட்டிப் பிடித்து வாழும் கடற்புல்லும் மென்பவளமும் அழிந்ததால், அதன் எண்ணிக்கை குறைந்து போனது. விஞ்ஞானிகள் என்ன செய்தனர் தெரியுமா? கம்பிக் கூண்டுகளைச் செய்து கடலடியில் வைத்தனர். அவற்றின் மேல் பாசியும் கடற்பஞ்சும் வளர்ந்தன. இதற்கு, 'கடற்குதிரை ஓட்டல்' என்று பெயர்! 2020ல், சிட்னி மீன் காட்சியகத்தில் பிறந்து வளர்ந்த குட்டிக் கடற்குதிரைகளை அங்கே கொண்டு போய் விட்டனர். கூண்டு மெல்ல மெல்ல துருப்பிடித்துக் கரைந்து விடும். அதற்குள், அங்கே இயற்கையான வீடு உருவாகி விடும்.

பாரங்கரூ கரையிலும், 2023ல் மக்கள் நீந்துவதற்கு ஓரிடத்தைத் திறந்து விட்டனர். அதன் பெயர், 'மாரிநவி'. பூர்வகுடி மொழியில், 'பெரிய படகு' என்று பொருள். ஆங்கிலேயரின் கப்பல்களைப் பார்த்து, அந்த மக்கள் வைத்த பெயர் அது.

ஆனாலும், அடியில் கிடக்கும் சேறு முழுவதும் சுத்தமாக இன்னும் நெடுங்காலம் ஆகும். அழுக்காக்குவது சுலபம், சுத்தமாக்க, தலைமுறைகள் பாடுபட வேண்டும்.

கரை வந்து விட்டது. கிரீடத்தை மடித்துப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். காகிதக் குப்பை எதுவும் தண்ணீரில் விழ வேண்டாம்.

இறங்கும் முன், உங்களுக்கு ஒரு வீட்டுப் பாடம். உங்கள் ஊரிலும் ஓர் ஆறோ, ஏரியோ, குளமோ இருக்கும். 'நீங்கள் சின்னப் பிள்ளையாக இருந்த போது, அதில் என்னென்ன மீன் கிடைத்தது? தண்ணீரை அள்ளிக் குடித்தீர்களா?' என்று தாத்தா, பாட்டியிடம் கேட்டு, ஒரு நோட்டில் எழுதுங்கள். பக்கத்திலேயே, இப்போது என்ன கிடைக்கிறது என்றும் எழுதுங்கள். இரண்டு பட்டியலும் ஒரே மாதிரி இருந்தால், உங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு சபாஷ் போடுங்கள். இல்லையென்றால், அந்த நோட்டை உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள். வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து பேச, அதை விட நல்ல பாடம் கிடைக்காது!